ஆறு துண்டும் ஒரு பெட்டியும்

கோபிச்செட்டிபாளையத்தில் ஓர் உல்லன் நூல் கடை. அதன் மாடியில் சனிக்கிழமை தோறும் கைவேலை வகுப்பு நடக்கும். சொல்லிக்கொடுப்பவள் கோகிலவாணி. வயது முப்பத்தொன்றுதான். கழுத்தில் எப்போதும் ஒரு கறுப்பு ரிப்பன் தொங்கும், ரிப்பனில் ஒரு சின்னக் கத்திரி. குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாளா என்று மாணவிகளுக்குள் ஒரு பந்தயமே இருந்தது.

கேட்டவுடன் பதில் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஊசியில் நூல் கோத்து முடித்த பிறகுதான் வாய் திறப்பாள். அவளைவிட மூத்தவர்கள்கூட ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

அப்படி மூத்தவர்களில் ஒருத்தி சாந்தாமணி. நாற்பத்திரண்டு வயது. குறை என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. துவைத்த துணியைக்கூடக் கலர் வாரியாகக் கொடியில் போடுகிறவள். அவள் தைத்ததைத் திருப்பிப் பார்த்தால் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று மற்றவர்கள் திணறுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவள் ஒரு பையோடு வந்தாள். பையிலிருந்து ஆறு துண்டுகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள். சல்லடை மாதிரி கட்டம் கட்டமாக ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கேன்வாஸ் துண்டுகள். ஊதாவும் வெள்ளையுமாக உல்லன் நூலில் பெருக்கல் குறி மாதிரி தைத்திருந்தாள். ஆறையும் சேர்த்தால் ஒரு பெட்டி. அடி ஒன்று, சுவர் நாலு, மூடி ஒன்று.

“ஓரமும் சுத்திட்டனுங் டீச்சர்,” என்றாள்.

சுற்றித்தான் இருந்தாள். வெட்டின இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளையெல்லாம் நகவெட்டியால் நறுக்கி, ஓரத்து ஓட்டை ஒன்றுவிடாமல் ஊதா நூல் சுற்றி, மூலைக்கு மூலை மூன்று தையல் போட்டிருந்தாள். ஆறு துண்டுக்கும் நாலு ஓரமும். பிளாஸ்டிக் கடுகளவும் வெளியே தெரியவில்லை. வகுப்பே கூடிநின்று பார்த்தது.

“ஓரத்தக் கடைசில பாத்துக்கலாம்னு போன வாரம் சொன்னேனுங்களே,” என்றாள் கோகிலவாணி.

“மொட்டையா உட மனசு வரலீங்.”

டீச்சர் இரண்டு துண்டுகளை எடுத்தாள். ஓரத்தோடு ஓரம் வைத்துப் பிடித்து ஊசியைக் குத்தினாள். போகவில்லை. அடுத்த ஓட்டையில் குத்தினாள். அதிலும் நூல் அடைத்துக்கொண்டிருந்தது. ஊசியை சாந்தாமணி கையில் கொடுத்தாள்.

சாந்தாமணி குத்தினாள். ஊசி வளைந்ததுதான் மிச்சம்.

“பசை வெச்சு ஒட்டிரலாமுங்களா?”

“ஒட்டலாம். தூக்குனாப் பிரியும்.”

சாந்தாமணிக்கு முகம் சுண்டிப்போனது. வர்ற புதன்கிழமை மிதுனாவுக்குப் பிறந்த நாள். பெட்டி அவளுக்குத்தான், தலைக் கிளிப் போட்டு வைக்க.

மிதுனா சாந்தாமணி பெற்ற பெண் இல்லை. பெற்றவள் கௌசல்யா, மிதுனாவுக்கு ஏழு வயதாகும்போது போய்ச் சேர்ந்துவிட்டாள். சாந்தாமணி வாழ்க்கைப்பட்டு வந்து ஒன்றரை வருஷம். பதினொரு வயசுப் பெண்ணுக்கு இட்லி ஆறுவதில்லை, யூனிஃபார்மில் சுருக்கம் இருப்பதில்லை, பள்ளிக்கூடப் பையில் கர்ச்சீப் இல்லாத நாள் இல்லை. மிதுனாவும் தொந்தரவு கொடுக்கிற பெண் இல்லை. போட்டதைச் சாப்பிடும், சொன்னதைக் கேட்கும். ஆனால் சாந்தாமணியை எதுவும் சொல்லிக் கூப்பிடாது. ஏதாவது வேண்டுமென்றால் எதிரே வந்து நிற்கும். டைரியில் கையெழுத்து வேண்டுமென்றால் டைரிதான் முதலில் நீளும்.

மற்றவர்கள் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். சாந்தாமணி மட்டும் நகரவில்லை.

“டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா?”

கோகிலவாணி புதிதாக ஓர் ஊசியை எடுத்து நூல் கோக்க ஆரம்பித்தாள்.

“அந்தப் புள்ளைக்கு நான் என்னங் குறை வெச்சேன்? எதுலயாவது ஒரு குத்தம் சொல்லச் சொல்லுங்க பாக்கலாம். அப்பறமும் ஏனுங் ஒட்ட மாட்டீங்கறா?”

பாவம், ஒன்றரை வருஷமாக யாரிடமும் கேட்காத கேள்வி.

கோகிலவாணி நூலைக் கோத்து ஊசியை மேஜைமேல் வைத்தாள். பிறகு கழுத்து ரிப்பனைத் தலைவழியாகக் கழற்றினாள். அதை அவள் கழற்றி யாரும் பார்த்ததில்லை. கத்திரியை சாந்தாமணியின் உள்ளங்கையில் வைத்தாள்.

“அவுத்துருங்கக்கா.”

“எல்லாத்தையுமுங்களா?”

“சேர வேண்டிய ஓரத்த மட்டும். பொட்டியோட வாய்ப்பக்கம் அப்படியே இருக்கட்டும்.”

ஒரு வாரமாகச் சுற்றியது. அவிழ்க்க ஒரு மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு தையலை வெட்டும்போதும் தன் விரலையே வெட்டிக்கொள்கிற மாதிரி முகத்தைச் சுளித்தாள். கடைசியில் மடி நிறைய நைந்த ஊதா நூல். துண்டுகள் ஓரத்து ஓட்டை தெரியப் படுத்துக் கிடந்தன.

“இனி எந்தக் கலர்ல சேக்கறதுங்?”

“பொட்டி யாருதுங்க?”

“மிதுனாவுதுங்.”

“அப்பறம் என்னைக் கேட்டா?”

சாந்தாமணி திகைத்தாள். “இத இப்படியே கொண்டுபோய் எப்படிங் அவகிட்டக் காட்டறது? முழுசா முடிச்சு, பேப்பர் சுத்தி, புதன்கிழமை காலைல கையில குடுக்கலாம்னு இருந்தனுங். இப்பப் பாருங்க, மொட்டையா இருக்குது.”

“மொட்டையா இருந்தாத்தானுங்கக்கா ஊசி போகும்.”

சாந்தாமணி துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். கீழே கடையில் ஊதா நூல் தொங்கிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தாள். வாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாக வந்தாள். பையிலிருந்து பெட்டியை எடுத்து டீச்சர் முன்னால் வைத்தாள். ஊதாப் பெட்டிக்குச் சேர்த்த ஓரமெல்லாம் பளீரென்று மஞ்சள். பொருத்தம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

“என்னங்கக்கா ஆச்சு?”

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் காட்டுனனுங். ‘இதென்னங் இப்படிப் பிஞ்சு கெடக்குது’ன்னு கேட்டா. தப்பாச் சுத்திட்டேன் கண்ணு, அவுத்துட்டேன், எந்த நூல்ல சேக்கறதுன்னு தெரியலேன்னு சொன்னனுங். உள்ள போயி ஒரு பிஸ்கட் டப்பாவக் கொண்டுவந்தா. உள்ளாற மஞ்ச நூலு. அவங்கம்மா அவளுக்கு ஸ்வெட்டர் பின்னறதுக்கு வாங்குனதுங். பாதியில நின்னுபோச்சு. ‘இது பத்துமுங்களா?’ன்னு கேட்டா.”

“பத்துச்சுங்களா?”

“பத்துச்சுங். ஆனா பாருங்க டீச்சர்.” பெட்டியைத் திருப்பி ஒரு மூலையைக் காட்டினாள். “அடியையும் ஒரு செவுத்தையும் நான் ஓட்டைக்கு ஓட்டை எண்ணிச் சேத்துட்டு வந்தனுங். அவ ரெண்டு துண்டையும் நகராமப் புடிச்சுக்கிட்டிருந்தா. பாதில, ‘விடுங்க சித்தி, நான் சேக்கறே’ன்னு ஊசியப் புடுங்கிட்டாளுங். அந்த எடத்துலதான் ஒரு ஓட்டை தவறிருச்சு. அதுலருந்து மூலை வரைக்கும் எல்லாம் ஒவ்வொரு ஓட்டை தள்ளி உழுந்துருச்சு. பொட்டி ஒரு பக்கம் சாயுதுங். ஆறு நாளா அதையேதான் பாத்துட்டிருக்கறேன். அவ பள்ளிக்கூடம் போன நேரத்துல அந்த ஓரத்த மட்டும் அவுத்து நேராச் சேத்தரட்டுங்களா?”

கோகிலவாணி பெட்டியைப் பார்க்கவில்லை. சாந்தாமணியைத்தான் பார்த்தாள்.

“என்ன சொல்லிப் புடுங்குனா?”

“ஊசியவுங்களா?”

“ஆமா. என்னன்னு சொன்னா?”

“‘விடுங்க சித்தி, நான்...’”

சாந்தாமணி நிறுத்திவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது.

ஒன்றரை வருஷமாகக் காத்துக் கிடந்த சொல். அது வந்தபோது அவள் ஓட்டையை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சாய்ந்திருந்த பக்கத்தைக் கட்டை விரலால் மெல்லத் தடவினாள். மற்ற மாணவிகள் ஒவ்வொருவராகப் படியேறி வந்து, அவள் அழுவதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள்.

வெகு நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பழக்க தோஷம், கை மறுபடி அந்த மூலைக்கே போனது.

“அப்ப இந்த ஒரே ஒரு மூலைய மட்டும்... கத்திரி குடுங்க டீச்சர்.”

கோகிலவாணி முந்தானையை இழுத்துக் கழுத்து ரிப்பனை மூடிக்கொண்டாள்.

“கத்திரிய இன்னிக்கு ஊட்லயே மறந்து வெச்சுட்டு வந்துட்டனுங்கக்கா.”