சித்திரை வெயிலில் ஐந்து கம்பளி

முன்னொரு காலத்தில் கருவேல நாட்டைக் கோதண்டமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டதைவிடக் குழம்பியதுதான் அதிகம் என்று அந்த நாட்டு ஜனங்கள் சொல்லிக்கொள்வார்கள். நல்ல மனிதன்தான். ஆனால் பக்கத்து நாட்டில் இருக்கிற ஒன்று தன்னிடம் இல்லையென்று தெரிந்துவிட்டால் இருப்புக்கொள்ளாது.

பங்குனி மாதக் கடைசியில் பக்கத்து நாட்டுத் தூதுவர் விருந்துக்கு வந்தார். பாயசத்தை வழித்துக் குடித்துவிட்டு, "எங்கள் நாட்டில் சேவைத் தொழில் மூன்றே மாதத்தில் எட்டில் ஒரு பங்கு வளர்ந்துவிட்டது, அரசே!" என்றார்.

ராஜா எல்லாம் புரிந்தவன்போல் தலையாட்டினான். தூதுவர் வாசலைத் தாண்டியதும் மந்திரி தத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டான். "அது என்ன ஐயா, சேவைத் தொழில்?"

"நெல்லாகவும் துணியாகவும் கையில் வராமல் ஒருவருக்கு ஒருவர் செய்கிற வேலை, அரசே. சவரம் செய்வது, ஓடம் விடுவது, சேதி கொண்டுபோவது, இப்படி."

"சவரம் செய்தால் முடி குறையத்தானே செய்யும்? வளர்ச்சி எங்கிருந்து வரும்?"

சபையில் யாருக்கும் தெரியவில்லை. சேனாதிபதி தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அப்போது எழுந்தார் விருத்தகிரி. கணக்காயர்களுக்கெல்லாம் தலைவர். ராஜா எதற்கெடுத்தாலும் தத்தனாரைக் கேட்பது அவருக்கு வயிற்றெரிச்சல். ஆற்றுத்துறையில் ஓடம் விடும் உரிமையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தரவேண்டும் என்ற எண்ணமும் ரொம்ப நாளாக இருந்தது.

"தத்தனாருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும், அரசே! போன மூன்று மாதத்தையும் இந்த மூன்று மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். கூடினால் வளர்ச்சி, குறைந்தால் சோம்பல். ஓடத்துறையைப் பாருங்கள். ஐப்பசி முதல் மார்கழிவரை ஆயிரத்து இருநூறு நடை. தை முதல் பங்குனிவரை இருநூற்று நாற்பதுதான்!"

"அடடா, தொள்ளாயிரத்து அறுபது நடை எங்கே போயிற்று?" என்று பதறினான் ராஜா. உடனே முரசு அறைந்தார்கள். சேவைத் தொழிலில் யாருக்குக் குறைந்திருக்கிறதோ, அவர்கள் மூன்று நாளில் அந்தக் குறையைச் சரிக்கட்டவேண்டும். இல்லாவிட்டால் உரிமை பறிபோகும்.

ஓடக்காரி காத்தாயி அலறியடித்துக்கொண்டு சபைக்கு ஓடிவந்தாள். புருஷன் இல்லாதவள். நாலு பிள்ளைகளுக்கும் அந்த ஓடம்தான் சோறு.

"மகராசா! ஆத்துல முழங்கால் தண்ணிகூட இல்லீங்க. ஆடு மாடே நடந்து போவுது. யாரு என் ஓடத்துல ஏறுவாங்க? கணக்கையா வீடு அக்கரையிலதான். அவரே வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு நடந்துதான் வர்றாரு!"

சபை விருத்தகிரியின் வேட்டியைப் பார்த்தது. நனைந்த கரை இன்னும் காயவில்லை.

"சாக்குப்போக்கு, அரசே! எண் பொய் சொல்லாது" என்றார் விருத்தகிரி.

ராஜா இவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். இரண்டும் சரியாகவே பட்டது. அதுதான் அவனுக்குப் பெரிய வேதனை. "மூன்று நாள் மூன்று நாள்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

தத்தனார் நேரே அரண்மனையில் ராஜாவுக்குக் கம்பளி போர்த்தும் மருதையனிடம் போனார். காதோடு காதாக ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் சித்திரை முதல் தேதி. வெயில் மண்டையைப் பிளந்தது. ராஜா சபையில் உட்கார்ந்ததுதான் தாமதம், மருதையன் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினான். அதன்மேல் இன்னொன்று. ஐந்து கம்பளி ஆனதும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"டேய், என்னடா இது?"

"மன்னிக்கணும் அரசே! மழைக்காலத்துல தொண்ணூறு தரம் போர்த்தினேன். இந்த மூணு மாசத்துல பத்துத் தரம்தான். எண்பது குறையுது. சரிக்கட்டலேன்னா என் வேலை போயிடும்ல?"

பின்னாலேயே மிளகுக் கஷாயத்தோடு ஒருத்தன் வந்தான். தணல் சட்டியோடு இன்னொருத்தன் வந்தான். ராஜாவின் கிரீடத்துக்கடியிலிருந்து வேர்வை ஊற்றியது. "நிறுத்துங்கள்!" என்று கத்தினான்.

"நிறுத்தினால் சேவைத் தொழில் விழுந்துவிடும், அரசே" என்றார் தத்தனார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"ஐயா, சித்திரையில் யாராவது மார்கழிக்குப் போர்த்துவார்களா?"

"மாட்டார்கள். பங்குனி ஆற்றில் ஐப்பசி ஓடமும் ஓடாது. தையிலிருந்து பங்குனிவரை காத்தாயி எத்தனை நடை விட்டாள் என்று பார்த்தால், அதைப் போன வருஷத்துத் தை பங்குனியோடு அல்லவா ஒப்பிடவேண்டும்? விருத்தகிரி, அந்த ஏட்டைப் படியும்."

விருத்தகிரி ஏட்டை மெதுவாகப் புரட்டினார். "போன வருஷம்... இருநூறு."

"இந்த வருஷம் இருநூற்று நாற்பது! ஐந்தில் ஒரு பங்கு வளர்ச்சி. தூதுவர் நாட்டைவிட அதிகம்."

ராஜா ஐந்து கம்பளியையும் உதறி எழுந்தான். "எனக்கு இன்னும் பாதிதான் புரிகிறது. ஆனால் வேர்ப்பது நன்றாகப் புரிகிறது. முரசை ரத்து செய்யுங்கள். ஓடத்துறை காத்தாயிக்கும் அவள் பிள்ளைகளுக்கும்தான். விருத்தகிரி, இந்தக் கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு ஆற்றங்கரையில் உட்காரும். ஒரு வருஷம் முழுக்க நீரே நடை எண்ணும்!"

சித்திரை, வைகாசி, ஆனி போயிற்று. ஆடியில் ஆறு இரு கரையும் தொட்டுக்கொண்டு வந்தது. இக்கரையில் எண்ணிக்கொண்டிருந்த விருத்தகிரிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போக வழியில்லை. வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டார்.

காத்தாயி ஓடத்தைக் கரைக்கு ஒட்டி நிறுத்தினாள். அவர் ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து ஏறுங்க சாமி. இந்த நடையையும் மறக்காம எழுதிடுங்க. அடுத்த ஆடியில ஒத்துப் பாக்கணும்ல?"