தலைவரின் ஒத்திகை

நடுப்பகல் வெயிலில் மேடேறியதும் பெட்ரோலில் ஓடும் பழைய லாரி நின்றுவிட்டது. லாரியின் சொந்தக்காரரான பஞ்சாயத்துத் தலைவர் ஆவுடையப்பன், தன் பாராட்டு விழாவுக்குத் தானே நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருந்தார்.

"இப்பவே கிளப்புடா! அஞ்சு நிமிஷம்கூடப் பொறுக்க மாட்டேன். இல்லைன்னா சாவியைக் கொடுத்துட்டு நடையைக் கட்டு!"

டிரைவர் வெள்ளைச்சாமி எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தான். எஞ்சின் சூட்டில் குழாயிலிருந்த பெட்ரோல் ஆவியாகிவிட்டது. குழாய் குளிரும்வரை வண்டி கிளம்பாது. சும்மா சாவியைத் திருகினால் பேட்டரியும் இறங்கிவிடும். பொறுங்கள் என்று சொன்னாலோ வேலை போய்விடும்.

ஈரச் சாக்கைக் குழாயில் சுற்றிக்கொண்டே கேட்டான்: "விழாவிலே என்ன பேசப் போறீங்க, ஐயா?"

தலைவர் தொண்டையைச் செருமினார். கிணறு வெட்டியது, ரோடு போட்டது, தேர்தலில் ஜெயித்தது என்று பேச்சு நீண்டது. வெள்ளைச்சாமி குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சூடு முழுதாக இறங்கவில்லை. அதற்குள் தலைவர் "நன்றி, வணக்கம்" என்றுவிட்டார்.

"அந்தக் கிணற்றுக் கதையை இன்னொரு தடவை, ஐயா!" என்று பதறினான்.

இரண்டாம் தடவையும் முடிந்தது. வெள்ளைச்சாமி சாவியைத் திருகினான். லாரி உறுமியது.

"பார்த்தியா, என் அதட்டலுக்குப் பயந்து ஓடுது!" என்றார் தலைவர்.

"அதட்டலுக்கு இல்லீங்க ஐயா. அஞ்சு நிமிஷம் பொறுக்க மாட்டேன்னீங்க, முக்கால் மணி நேரம் பொறுத்திருக்கீங்க. பெட்ரோல் ஆறிடுச்சு."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விழாப் பந்தல் வரும்வரை, பேச்சில் எதையெல்லாம் வெட்டலாம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.