உலாத்தினால் கசையடி

ஊரில் யாராவது காலாற நடந்தாலே ஜமீன்தாருக்கு வயிறு எரியும். வேலையில்லாமல் உலாத்துகிறவனுக்குக் கசையடி என்று தண்டோராவே போட்டுவிட்டார்.

மறுநாள் அவர் வழக்கு விஷயமாக வண்டி ஏறும் நேரம், தோட்டக்காரன் சடையனைச் சேவகன் இழுத்துவந்தான்.

“உலாத்தினாயாமே?”

“பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கத்தான் கிளம்பினேன், சாமி. இவர் ‘எங்கே போறே’ன்னு கேட்டுட்டார். கிளம்புறப்ப அப்படிக் கேட்டா போற காரியம் விளங்குமா? அதான், சும்மா நடந்தேன்.”

“கொழுப்பைப் பார்! கட்டுடா இவனை!” என்று ஜமீன்தார் வண்டியில் கால் வைத்தார்.

“சாமி எங்கே கிளம்பிட்டீங்க?” என்றான் சடையன், பணிவாக.

வைத்த கால் தானே இறங்கியது. வழக்கை விடவும் மனமில்லை, போகவும் துணிவில்லை. வாசலுக்கும் வண்டிக்குமாக நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார்.

கசையோடு நின்ற சேவகன் தலையைச் சொறிந்தான். “எஜமான், முதல் அடி யாருக்கு?”

“அவனை அவிழ்த்துத் தொலை!” என்றார் ஜமீன்தார், நடந்துகொண்டே.