கடைசிப் பந்தி

சகாயராணி மேடத்திடம் கேள்வி கேட்கக் கொஞ்சம் தைரியம் வேண்டும். திட்டுவார் என்பதற்காக அல்ல. பதில் சொல்ல மாட்டார். சொன்னாலும், அது நாம் கேட்ட கேள்விக்கான பதில்தானா என்று வீட்டுக்குப் போய் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். பேச்சுக்கு யாரோ வரி போட்டுவிட்ட மாதிரி இருப்பார். ஒரு கல்லூரியில் வேதியியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. இருந்தும் மனக்கஷ்டம் என்று வந்துவிட்டால் மாணவர்கள் அவர் முன்னால்தான் போய் நின்றார்கள்.

ஒரு திங்கட்கிழமை இருளப்பன் போய் நின்றான். இரண்டாம் ஆண்டு மாணவன். லேபில் எல்லோரும் கிளம்பிய பிறகு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பணிவு ஒன்றும் இல்லை. நாற்றம்தான் காரணம். முந்தின நாள் கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுத்த கை. எந்தச் சோப்பு போட்டாலும் சாம்பாரும் ரசமும் மோரும் கலந்து புளித்த வாடை நகக்கண்ணில் தங்கிவிடும்.

"என்னப்பா?" என்றார் சகாயராணி, குடுவையைக் கழுவியபடி.

"மேம், பிடிக்காத வேலைய எப்படித் தாங்கிக்கிறது?"

"இப்ப எப்படித் தாங்குற?"

அவன் சொன்னான்.

முகூர்த்த நாட்களில் ஒரு கேட்டரிங்காரரிடம் அவனுக்கு வேலை. மேஜைமேல் வெள்ளைப் பேப்பரை நீளமாக விரித்து, அதன்மேல் இலை போடுவார்கள். பந்தி முடிந்ததும் ஒரு முனையைப் பிடித்து, பேப்பரோடு இலைகளையும் சேர்த்துப் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டே போய், மறுமுனையில் இருக்கும் டப்பில் தள்ள வேண்டும். நம்மவர்களுக்குத் தாலி கட்டும்வரை இருக்கிற பொறுமை பந்தி என்றதும் போய்விடும். சாப்பிடுகிறவர்களின் முதுகைப் பார்த்தபடி அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்பார்கள். "சீக்கிரம் சுருட்றா, ஆள் நிக்குது பாரு!" என்று சூப்பர்வைசர் கத்துவார்.

அந்த வேலை இருந்ததால்தான் இருளப்பன் கல்லூரியில் இருந்தான். அப்பா இல்லை. அம்மாவின் சம்பளம் வாடகையோடும் அரிசியோடும் தீர்ந்துவிடும். வேலை போனால் படிப்பும் போய்விடும் என்பது அவனுக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும்.

"முதல்ல ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு மேம். எங்க பெஞ்சுல கிஷோர் இருக்கான்ல, அவங்க அக்கா கல்யாணம். எனக்குத் தெரியாது. போனப்புறம்தான் பாத்தேன். அவன் கடைசி வரிசைல சாப்ட்டு முடிச்சுட்டு உக்காந்திருந்தான்."

"ம்."

"நான் பேப்பரைச் சுருட்டிட்டு வர்றேன். அவன் பக்கத்துல இருக்கவன்ட்ட பேசிக்கிட்டே முழங்கைய மட்டும் தூக்கினான். நான் அந்தப் பக்கமாப் போனதும் திரும்ப வச்சுக்கிட்டான். அவ்வளவுதான்."

"பாக்கலையா?"

"தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தானா, நிஜமாவே தெரியலையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல மேம். ரெண்டுல எது மோசம்னும் புரியல. அன்னைக்கு ராத்திரி சாப்பாடே இறங்கல."

சகாயராணி குடுவையைக் கவிழ்த்து வைத்தார்.

"அதுக்கப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சேன்" என்றான் அவன். குரலில் சின்னப் பெருமை இருந்தது. "யார் மூஞ்சியையும் பாக்குறதில்ல. தலை குனிஞ்சா குனிஞ்சதுதான். இலை, பேப்பர், டப்பு. மூஞ்சியப் பாத்தாத்தானே மேம், அவங்க நம்மளப் பாக்கலங்கறது தெரியும்?"

"சாப்ட்டு முடிச்சாங்களான்னு எப்படித் தெரியும்?"

"இலைய மடிச்சிருப்பாங்க."

"மடிக்காதவங்க?"

"எந்திரிச்சுப் போயிருப்பாங்க."

"இப்ப வலி இல்லையா?"

"துளிகூட இல்ல மேம். அதான் கேக்க வந்தேன். இதே வழில போயிரலாமா? இன்னும் ஒண்ணரை வருஷம்தான்."

சகாயராணி இடது கையை நீட்டினார். மணிக்கட்டுக்கு மேலே வெளிறிப்போன ஒரு தழும்பு இருந்தது. அங்கே தோல் சுருங்கிப் பளபளத்தது.

"நான் படிக்கும்போது பீனால் தெறிச்சிருச்சு. முதல்ல லேசா எரிஞ்சது. அப்புறம் அந்த இடம் மரத்துப்போய் எரிச்சல் நின்னுருச்சு. சரி, ஒண்ணுமில்லன்னு கழுவாம விட்டுட்டு வேலையப் பாத்தேன்."

"அப்புறம் மேம்?"

"அப்புறம் இது."

இருளப்பன் தழும்பைப் பார்த்தான். "அதுக்கும் இதுக்கும் என்ன மேம்?"

"ஒண்ணுமில்ல. பீனால் எடுக்கும்போது க்ளவுஸ் போட்டுக்க." அவர் கையை இழுத்துக்கொண்டார். "உன் வழி பலிக்காத அன்னைக்கு வந்து சொல்லு."

அவ்வளவுதான் பதில். இருளப்பனுக்குச் சப்பென்று போயிற்று. வேண்டாம் என்று சொல்லவில்லையே, அதனால் சரி என்றுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டான்.

வழி நன்றாகவே பலித்தது. அடுத்தடுத்த முகூர்த்தங்களில் அவன் கை வேகம் கூடியது. மற்றப் பையன்கள் ஒரு மேஜையை முடிப்பதற்குள் அவன் அடுத்ததில் பாதி தாண்டியிருப்பான். "இவனப் பாத்துக் கத்துக்கங்கடா. மிஷின் கணக்கா ஓடுறான்" என்றார் சூப்பர்வைசர். சொன்னது யார் என்று பார்க்கக்கூட இருளப்பன் நிமிரவில்லை. வீட்டில் அம்மா ஏதாவது சொன்னால், அவள் சொல்லி முடித்து எழுந்து போன பிறகுதான் காதில் விழுந்தது. அம்மா இளைத்திருந்தாள். அதைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அவன் தெரிந்துகொண்டான்.

மண்டபத்தில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் ஒருத்திதான் இருந்தாள். பேச்சியம்மாள், பாத்திரம் தேய்க்கிறவள். சமையல்கட்டுக்குப் பின்னால் குழாயடியில், அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பாள். வேலை முடிந்து அவன் கை கழுவ வரும்போதெல்லாம், சமையல்காரர் பிழிந்து போட்ட எலுமிச்சை மூடி ஒன்றை எடுத்து வைத்திருந்து நீட்டுவாள். "இதத் தேயி இருளப்பா, வாடை போயிரும். காலேசுக்குப் போற கை" என்பாள். அவன் வாங்கித் தேய்த்துக்கொள்வான். நன்றி என்று சொன்னதாக நினைவில்லை.

ஆவணியில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். கூட்டம் அடங்கவே இல்லை. சாயங்காலம் வேறொரு பார்ட்டிக்கு மண்டபத்தைக் கொடுத்திருந்தார்கள். மேஜையெல்லாம் துடைத்து வேறு துணி விரித்தாக வேண்டும். சூப்பர்வைசர் வாசலுக்கும் டைனிங் ஹாலுக்கும் ஓடி ஓடித் தொண்டை கட்டிப்போயிருந்தார்.

கடைசிப் பந்தி வேலையாட்களுக்கு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிச்சம் என்ன இருக்கிறதோ அது. அன்றைக்கு அதையும் அவசர அவசரமாகப் போட்டார்கள். பரிமாறுகிற பையன்கள் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

"முடிஞ்சது, சுருட்டு, சுருட்டு!" என்றார் சூப்பர்வைசர்.

இருளப்பன் பேப்பரின் முனையைப் பிடித்தான். இலை, பேப்பர், இலை, பேப்பர். சுருள் கனத்துக்கொண்டே போனது. மேஜையின் கடைசியில் ஒரு கை குறுக்கே இருந்தது. ஈரத்தில் ஊறி வெளுத்த கை, விரல் நுனியில் நாலு பருக்கை. சுருள் நெருங்கியதும் அந்தக் கை தானாக மேலே எழும்பி வழி விட்டது. அவன் சுருட்டிக்கொண்டு போய் டப்பில் தள்ளினான்.

தள்ளியபோது சுருள் பிரிந்துகொண்டது.

மேலே கிடந்த இலையில் சோறு குவித்தபடியே இருந்தது. அதன்மேல் சாம்பார். இன்னும் பிசையக்கூட இல்லை. அப்பளம் முழுசாக இருந்தது. இலை ஓரத்தில் ஒரு ஜாங்கிரி, யாருக்கோ கொண்டுபோக எடுத்து வைத்த மாதிரி, தனியாகப் பேப்பர் கிழிசலில் சுற்றியிருந்தது. அது இப்போது அடுத்தவர் எச்சிலில் ஊறிக்கொண்டிருந்தது.

இருளப்பன் நிமிர்ந்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த ஹாலில் அவன் நிமிர்ந்தது அதுதான்.

பேச்சியம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எச்சில் கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அக்கா... நீங்க சாப்பிடலையா?"

"இருக்கட்டும் தம்பி."

"நான் பாக்கலக்கா. சொல்லியிருக்கலாம்ல?"

"நாந்தான் நேரங்கெட்ட நேரத்துல வந்து உக்காந்துட்டேன். காலைலருந்து ஒண்ணும் திங்கலையா, மயக்கமா வந்துச்சு. ஒனக்கு வேலை கெடக்குல்ல. நீ பாரு."

அவள் கோபப்பட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். அவளோ தப்பு செய்தவளைப்போலப் பேசினாள். அது அவனை அடித்துப்போட்டது.

சமையல்கட்டுக்கு ஓடினான். சோற்று அண்டா காலி. சாம்பார் வாளி காலி. "இப்ப வந்து கேட்டா? எல்லாத்தையும் கழுவப் போட்டாச்சு" என்றார் சமையல்காரர். கழுவப் போட்ட இடத்தில் பேச்சியம்மாள் அதற்குள் வந்து குந்தி உட்கார்ந்து, அந்தக் காலி அண்டாவைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவப் போனபோது அவள் எலுமிச்சை மூடியை நீட்டினாள். எப்போதும்போல.

மறுநாள் லேபில் எல்லோரும் போகும்வரை இருளப்பன் காத்திருந்தான். இந்த முறை கையைப் பின்னால் கட்டவில்லை.

"மேம், அந்த வழி பலிக்கல."

சகாயராணி நாற்காலியைக் காட்டினார். அவன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஜாங்கிரியை மட்டும் இரண்டு முறை சொன்னான்.

"வேலைய விட்டுரலாம்னு இருக்கேன் மேம்."

"விட்டா?"

"காலேஜையும் விடணும்."

"அம்மாட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

வெளியே வராந்தாவில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள்.

"விட முடியாது மேம்" என்றான் அவனே. "வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு கல்யாணம் இருக்கு. போயாகணும். வேற ஏதாவது வழி சொல்லுங்க. இது பலிக்கல."

"நீ சுருட்டிட்டு வந்தப்ப, அவங்க அங்க உக்காந்திருந்தது தெரிஞ்சுதா?"

"இல்ல மேம்."

"கையத் தூக்குனது?"

"தெரிஞ்சுது. யார் கைன்னு தெரியல."

"கிஷோர் முழங்கையத் தூக்குனப்போ வலிச்சுதே, அந்த மாதிரி அப்ப ஏதாவது வலிச்சுதா?"

இருளப்பன் யோசித்துப் பார்த்தான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல மேம். அப்ப ஒண்ணுமே தெரியல."

சகாயராணி மணிக்கட்டுத் தழும்பை மறுகையால் மூடிக்கொண்டார்.

"அப்புறம் எப்படி பலிக்கலன்னு சொல்ற?" என்றார். "நேத்துதான் இருளப்பா, அது முழுசாப் பலிச்சிருக்கு."