நத்தையை எழுதிக் கொடுத்த மூவர்

எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் முனைவர்கள் மூன்று பேர்: துறைத்தலைவர் ஞானசிகாமணி, வடிவாம்பிகை மேடம், நான். மூவர் மூளையையும் ஒரே டப்பாவில் போட்டாலும் இடம் மிச்சமிருக்கும். இது எனக்கு ஐம்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது.

நத்தையின் நடையைப் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்தது. பதினான்கு வருடமாக வராத பதவி உயர்வை அதைக் காட்டித்தான் நான் வாங்க வேண்டும். திங்கட்கிழமை நேர்காணல்.

வியாழக்கிழமை நூலகர் மைதீன் வந்தார். "ஒப்பந்தத்தைப் படிச்சுப் பார்த்தா கையெழுத்துப் போட்டீங்க? பதிப்புரிமை இப்ப இதழோடது. அச்சான கட்டுரையை அவங்களைக் கேக்காம யாருக்கும் கொடுக்கக் கூடாது."

மாணவர்களிடமிருந்த பிரதிகளையெல்லாம் பிடுங்கினோம். அப்போது வடிவாம்பிகை மேடம் கண்ணாடித் தொட்டியைக் காட்டினார்.

"சார், கட்டுரையில படமா வந்தது இதே நத்தைதானே?"

"ஆமா."

"அப்ப இதுவும் அவங்களோடது இல்லையா?"

தலைவர் பதறிப்போய்த் தொட்டிமேல் மேசை விரிப்பைப் போர்த்தினார். அதன்பின் கண்ணை மூடிக்கொண்டுதான் கீரை போட்டோம். பாதி அவருடைய டீயில் விழுந்தது. குடித்துவிட்டார்.

மைதீன் தலையில் அடித்துக்கொண்டார். "சார், அச்சுப் பிரதிதான் கூடாது. நீங்க கடைசியா அனுப்பின கையெழுத்துப் பிரதியைத் தாராளமாக் கொடுக்கலாம். ஒப்பந்தத்துலயே போட்டிருக்கு. நீங்க எழுதினதுதானே?"

அவர் போனதும் தலைவர் யோசித்தார். "அதுல நாம எழுதினது எவ்வளவு, அவங்க சொல்லித் திருத்தினது எவ்வளவு?"

நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, இதழின் மதிப்பீட்டாளர் சொல்லித் திருத்தியதையெல்லாம் பொறுக்கி எடுத்தோம். ஒரு திருத்தம் மட்டும் மிச்சமிருந்தது. முதலில் நாங்கள் வாலைத் தலை என்று நினைத்து, நத்தை பின்னோக்கி நடப்பதாக எழுதியிருந்தோம். "நீங்கள் குறித்திருப்பது வால்" என்று அந்தப் புண்ணியவான்தான் சொன்னார்.

"இதை மட்டும் அப்படியே விட்டுடலாமே சார். நாளைக்கு என் பொழைப்பு இருக்கு."

"முன்னால நடக்குதுன்னு நீங்களா கண்டுபிடிச்சீங்க?"

நான் நேர்மையானவன். அந்தத் திருத்தத்தையும் எடுத்துவிட்டேன்.

நேர்காணலில் தேர்வுக்குழுத் தலைவி கட்டுரையைப் புரட்டினார். "நத்தை பின்னால நடக்குமா?"

"இல்லை மேடம், முன்னாலதான்."

"பின்ன ஏன் இப்படி எழுதியிருக்கீங்க?"

"முன்னால நடக்கிற உரிமை இதழ்கிட்ட இருக்கு மேடம். அனுமதி கேட்டு எழுதியிருக்கோம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீங்க போகலாம்."

பதினான்கு வருடம் அந்த மூன்று நிமிடத்தில் முடிந்தது. இருந்தாலும், இதழின் அனுமதி வரும்வரை சட்டத்தை மீறக்கூடாதே. நல்லவேளையாகக் கதவு என் முதுகுப் பக்கம் இருந்தது. கும்பிட்டபடி, திரும்பாமல், பின்னோக்கியே மெதுவாக நடந்து வராந்தாவுக்கு வந்தேன்.

அங்கே காத்திருந்த தலைவர் என் நடையைப் பார்த்து அலறினார்: "யோவ், மெதுவா நடக்காதீங்க! அந்த வேகம் ரெண்டாம் அட்டவணையில அச்சாயிருக்கு!"

பின்பக்கமாகவே ஓட ஆரம்பித்தேன்.