அறை கிடைக்காத அம்மன்

வெள்ளாற்றங்கரையில் கீழநல்லூர் என்றோர் ஊர். அங்கே கோயில் கொண்டிருப்பவள் அருமருந்து நாயகி. அவ்வூர் மருத்துவமனையில் மலசலம் அள்ளி, அழுக்குத் துணி அலசி, தரை துடைத்து வாழ்ந்தவர் அஞ்சுகம் அம்மையார். இளமையிலேயே கணவரை இழந்தவர், பிள்ளைகளும் இல்லை. ஆயினும் அவர் முகம் வாடி எவரும் கண்டதில்லை. விடியலில் கோயில் வாசலில் நின்று, "தாயே, இன்னிக்கும் உன் பிள்ளைங்கள என் கையில குடுத்திருக்க. பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். படுக்கையில் கிடப்பவர் யாராயினும் அவருக்கு அம்மன் அனுப்பிய பிள்ளையே.

பெருந்தொற்று வந்தது. ஊர் அடங்கியது. கோயிலில் குருக்கள் மட்டும் சென்று பூசை செய்ய, மற்றவர்க்கு நடை சாத்தப்பட்டது. மருத்துவமனையில் மட்டும் இடம் கொள்ளாத கூட்டம். நோயாளிகளைத் தொட்டுக் கழுவும் வேலை முழுவதும் பெண்களுக்கே வந்தது. கவச உடைகளோ ஆண்களின் அளவில் தைக்கப்பட்டவை. அம்மையார் அதன் காலை மடித்துக் கட்டுத்துணியால் கட்டிக்கொண்டு, சிரித்தபடியே நடந்தார்.

வீட்டாருக்கு நோய் பரவாதிருக்க, ஆண் ஊழியர்களுக்கு எதிரேயிருந்த விடுதியில் அறைகள் கொடுத்தார்கள். பெண்களுக்குக் கொடுக்கவில்லை. உடன் வேலை பார்த்த தேன்மொழிக்குக் கைக்குழந்தை. அவள் வீட்டுக்குப் போகவும் அஞ்சினாள், போகாதிருக்கவும் முடியாமல் அழுதாள். அம்மையார் மேற்பார்வையாளர் தணிகாசலத்திடம் போய் நின்றார்.

"பொம்பளைங்களுக்கு எதுக்கு ரூமு? வீட்டுக்குப் போய்ச் சோறாக்க வேணாமா?" என்றார் அவர்.

"ஆக்குற சோத்தோட நோயும் சேந்துல்ல போகும், சார்? இந்தப் புள்ளைக்காவது ஒண்ணு குடுங்க."

தணிகாசலம் சிரித்தார். "தினம் கும்புடுறியே, உன் அம்மன்கிட்ட கேளு. அவ போட்டுத் தருவா ரூமு."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அம்மையார் கோபம் கொள்ளவில்லை. "அவகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் சார் இருக்கேன். சாவி உங்க கையில இருக்கறதால உங்ககிட்டயும் கேக்குறேன்" என்றார். பலன் இல்லை.

அன்றே அம்மையார் குடியிருந்த தெருவாரும் அவரை உள்ளே வரவேண்டாம் என்று மறித்தார்கள். "பயப்படுறாங்க, பாவம்" என்று திரும்பியவர், மருத்துவமனையில் துணி வைக்கும் அறையிலேயே தங்கலானார். தேன்மொழியின் நோயாளிகளையும் தாமே ஏற்று, அவளை நோயில்லாத பகுதிக்கு அனுப்பிவைத்தார்.

இரட்டை வேலை உடலை வாட்டியது. நோய் அம்மையாரைப் பற்றியது. ஊழியர்களுக்கென்று ஒதுக்கிய படுக்கைகள் ஆண்கள் பகுதியில்தான் இருந்தன. துணி மூட்டைகளின் நடுவே கிடந்த அம்மையார், "என் பிள்ளைங்கள யாரு பாத்துக்குவாங்க, தாயே?" என்று அதற்கே கலங்கினார்.

பிற்பகலில் கதவு திறந்தது. கவச உடை அணிந்த ஒரு பெண், கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். மடியில் தலையைத் தூக்கி வைத்து ஊட்டினாள். உடம்பைத் துடைத்தாள், சிக்குப்பிடித்த தலையைக் கோதிவிட்டாள். அதுவரை அம்மையாருக்கு அப்படி யாரும் செய்ததில்லை.

"யாரும்மா நீ? புதுசா சேந்திருக்கியா?"

"ஆமாக்கா. உன் நோயாளிங்களையும் பாத்துட்டுத்தான் வரேன்."

"எங்க தங்குற?"

"என் வீட்டப் பூட்டிட்டாங்க. இங்கயும் பொம்பளைக்கு ரூம் இல்லையாமே!" என்று அவள் சிரித்தாள்.

காய்ச்சல் தணியும்வரை தினமும் வந்தாள். அம்மையார் எழுந்து நடமாடி, அவளைத் தேடினார். "புதுசா யாருமே சேரலியேக்கா" என்றாள் தேன்மொழி. நோயாளிகளோ, "ஒரு அம்மா வந்து பாத்துக்கிட்டாங்களே" என்றார்கள்.

சில வாரங்களில் நோயின் வேகம் குறைந்து, கோயில் நடை திறந்தது. அன்று மருத்துவமனைக்கு மரியாதை செய்யத் தணிகாசலத்தை அழைத்திருந்தார்கள். அம்மையார் கூட்டத்தின் பின்னால், தேன்மொழியோடு நின்றார். பரிவட்டத்தை எடுத்த குருக்கள் தயங்கினார்.

"எல்லாரும் கேக்கணும். நடை சாத்தியிருந்தப்போ, சில நாள் கதவத் திறந்தா கர்ப்பகிரகம் முழுக்கப் பினாயில் வாசன. சந்தனம் சாத்தியும் போகல. அம்பாள் கையில கஞ்சிப் பருக்கை ஒட்டியிருந்தது. என்னைத் தவிர உள்ளே யாரும் போகல. எனக்கு ஒண்ணும் விளங்கல."

தேன்மொழி வாய்விட்டு அழுதாள். நடந்ததையெல்லாம் அவளே சொன்னாள். குருக்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அம்மையாரின் தலையில் பரிவட்டம் கட்டினார். அம்மையார் கருவறையைப் பார்த்தார். கஞ்சி ஊட்டியவளின் அதே சிரிப்பு அங்கே இருந்தது.

தணிகாசலம் அருகில் வந்தார். "என்னை மன்னிச்சிடும்மா. உனக்கு என்ன வேணும், சொல்லு."

"எனக்கென்ன சார் குறை, அவளே வந்து பாத்துக்கிட்டா. ஆனா அவளுக்கும் ரூம் இல்லன்னுட்டீங்களாமே!" என்றார் அம்மையார்.

தணிகாசலம் தலை குனிந்தார். அன்று மாலையே விடுதியின் மாடி அறைகள் பெண்களுக்குத் திறக்கப்பட்டன. முதல் அறைக்குள் தேன்மொழி போய்ப் படுத்து, நிம்மதியாகத் தூங்கினாள். அம்மையார் வாளியை எடுத்துக்கொண்டு தம் நோயாளிகளிடம் திரும்பினார்.

தாய்க்கே தாதியாகும் ஆசை வரும்படி தொண்டு செய்த அஞ்சுகம் அம்மையாரின் ஈரக் கைகளுக்கு நம் வணக்கம்.