எல்லாப் பெண்களும் பார்க்கும் இடம்

ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், பிரசவத்துக்கு வரும் ஒவ்வொரு பெண்ணும் பார்க்கும் இடத்தில், நூறு பிரசவத்தில் எத்தனை சிசேரியன் என்ற கணக்கை எழுதிவைக்கச் சொன்னது அரசாணை. எந்த இடம் என்று சொல்லவில்லை. ஆணைகள் அவ்வளவு தூரம் யோசிப்பதில்லை.

ஆஸ்பத்திரி முதலாளி டாக்டர் தண்டபாணி, பெயின்டர் லூர்துவை அழைத்தார். லூர்துவின் மனைவி அங்கேதான் வலியோடு படுத்திருந்தாள்.

"ஆணைப்படி எழுதணும். ஆனா படிச்சிட்டு ஒருத்தியும் எழுந்து போயிடக் கூடாது. முடியாதுன்னா உன் பொண்டாட்டியைக் கூட்டிட்டுக் கிளம்பு."

"முடியும் ஐயா." அன்றே எழுதி முடித்தான்.

மறுவாரம் வந்த அதிகாரி கணக்கு எங்கே என்றார். லூர்து ஆபரேஷன் தியேட்டருக்குள் கூட்டிப்போய், மேசைக்கு நேர்மேலே கூரையைக் காட்டினான்.

"இங்க வர்ற எல்லாப் பொண்ணுங்களும் கடைசியில பார்க்கிற இடம் இதுதாங்க. எழுந்து போகவும் முடியாது."

அதிகாரி அண்ணாந்து படித்தார். டாக்டர் தரையைப் பார்த்தார். லூர்துவின் மனைவி, எழுதிய அன்றே, அதே மேசையில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்க் கிடந்து, அதைப் படித்து முடித்திருந்தாள்.